வாக்காவின் வெறுப்பை எப்படி எடுத்துக்கொள்வது? (ஃபைனல் ஃபேண்டஸி 10)

நெய்தல்84:
2001இல் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி 10 என்ற வீடியோ கேமை இப்போதுதான் ஆடி முடித்தேன். முடிக்காதவர்கள் இந்த இழையைப் பிறகு படிக்கவும்; கதை முழுவதும் இங்கே உடைபடும். கரையொதுங்கிய நாயகன் டீடஸுக்குத் தங்க இடம் கொடுத்துத் தம்பியைப் போல் நடத்தும் வாக்கா, மதம் தடுத்த எந்திரங்களைப் பயன்படுத்தும் அல் பெட் இன மக்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறான். தோளோடு தோள் நின்று போரிட்ட ரிக்கு அந்த இனத்தவள் என்று மக்கலானியா என்ற இடத்தில் தெரியவந்ததும் அவளிடமே சீறுகிறான். இப்படிப்பட்டவனை நம் அணியிலேயே வைத்திருப்பது கதையின் பலமா, அல்லது அவனை எளிதில் மன்னிக்க வைக்கும் தந்திரமா?

கரைவலை:
பலம் என்றே சொல்வேன். மக்கினா எந்திரங்களை நம்பி வாழ்ந்த பாவத்துக்குத் தண்டனையாகவே சின் என்ற பூதம் வந்தது, பாவம் கழிந்தால் அது மறையும் என்கிறது யெவோன் மதம். ஊர்களை விழுங்கும் அந்தப் பூதம் கண்ணெதிரே மீண்டும் மீண்டும் வரும் உலகில், இதை நம்புவதற்கு ஒருவன் முட்டாளாக இருக்கத் தேவையில்லை. போதாததற்கு, அவன் தம்பி சப்பு, அண்ணன் கொடுத்த வாளை வைத்துவிட்டு அல் பெட் ஆயுதத்தோடு போய்ச் சின்னிடம் மாண்டவன். துக்கம் ஒரு குற்றவாளியைத் தேடியது. மதம் ஒருவரைச் சுட்டிக்காட்டியது. லூக்கா நகரில் பிளிட்ஸ்பால் என்ற நீருக்கடிப் பந்தாட்டம் நடக்கும் மைதானமும் மக்கினாதானே என்று கேட்டால், எது ஆகும் எது ஆகாது என்பதை யெவோன் முடிவுசெய்யும் என்கிறான். எனக்கு அந்தப் பதில்தான் அவனுடைய வசைகளைவிட அச்சமூட்டியது.

பழையவட்டு:
ஆடுபவரிடமும் கதை அதே வேலையைச் செய்துவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் நாம் சந்திக்கும் அல் பெட்கள் புரியாத மொழியில் கத்தி, தங்கள் கப்பலில் டீடஸை மிரட்டி வேலை வாங்குகிறார்கள். நாமும் அவர்களை முரடர்கள் என்றே குறித்துக்கொள்கிறோம். ஆனால் பசியில் கிடந்தவனுக்கு முதலில் உணவு கொடுத்ததும் அந்தக் கப்பலில் இருந்த ரிக்குதான். அந்த மொழி வெறும் எழுத்து மாற்றுக் குறியீடு. 26 பாடநூல்களைத் தேடி எடுத்தால் ஒவ்வொரு எழுத்தாகப் புலப்படும். முந்தைய ஆட்டத்தில் சேர்த்தவற்றைப் புதிய ஆட்டத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதால், இரண்டாம் முறை அதே கப்பல் காட்சியில் அவர்கள் பேசுவது விளங்குகிறது. யெவோனின் வணக்க முத்திரையைக் கண்டதும், தன் ஊரில் அது பிளிட்ஸ்பால் வெற்றிக் குறி என்று டீடஸ் நினைவுகூர்வதும் அழகான குறும்பு.

தூரிகை:
நான் இவ்வளவு மகிழ்ச்சியடையவில்லை. யெவோன் மதத்தின் தலைமையிடமான பெவெல் கோயிலே மக்கினாவால் இயங்குகிறது, அதன் தலைமை குருவான மிகாவே இறந்த பின்னும் பதவியில் நீடிப்பவர் என்று மேலிருந்து பொய் அம்பலமானதும் வாக்காவின் வெறுப்பும் கரையத் தொடங்குகிறது. பொய்யைச் சொன்னவர்கள் வீழ்ந்த பிறகும் அண்டைவீட்டாரின் வெறுப்பு தொடர்வதுதான் வழக்கம்; அந்த எச்சத்தை இந்தக் கதை தொடவில்லை. தவிர, அல் பெட்கள் தங்கள் குடியிருப்பான 'ஹோம்' எரிவதைப் பார்த்து, அதைத் தாங்களே தகர்த்துவிட்டுக் கிளம்பிய பிறகே அவனது பரிவைப் பெறுகிறார்கள். பரிவுக்கு அவ்வளவு விலை கேட்பது எனக்கு நெருடுகிறது.

நெய்தல்84:
ஹோம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் வாக்கா மெய்க்காவலனாக உடன்செல்லும் யூனாவின் தாயும் அல் பெட்தான் என்பதை அவன் நெடுநாள் அறியாமல் இருந்ததையும் சேர்த்துப் பாருங்கள். தங்கை போல் காத்தவளே பாதி அல் பெட் என்ற செய்தி, பெவெலின் பொய்யைப் போல் மேலிருந்து வந்ததல்ல. கப்பல் காட்சியைப் பாடநூல்களோடு மறுபடி ஆடிவிட்டு எழுதுகிறேன்.