மீனவக் கிராமத்துப் புயல் நிவாரணக் குழு: சங்கமாகப் பதிவு செய்வது, பணம் வாங்குவது, பொருள் வைப்பது

உப்பனாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம். புயல், வெள்ளக் காலத்தில் வேலை செய்ய இளைஞர்கள் 25 பேர் குழுவாக இருக்கிறோம். இதுவரை ஊர்ப் பணத்திலும் கைக்காசிலும் ஓடியது. இனி ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மெஷின், ஒலிபெருக்கி எல்லாம் வாங்கி ஊரிலேயே ஒரு கொட்டகையில் வைக்க எண்ணம். சிங்கப்பூரிலும் பிரான்சிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் தரத் தயார். டிரஸ்ட் நல்லதா, சங்கம் நல்லதா? ஊர்ப் பஞ்சாயத்தார் (அரசு ஊராட்சி இல்லை, மீனவர்களின் வழக்கமான ஊர்ப் பெரியவர்கள் சபை) "நாங்க இருக்கும்போது தனிச் சங்கம் எதுக்கு?" என்கிறார்கள். வெளியூர்ப் பணத்தைப் பொருளாளர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா?

கெடிலக்கரை

சங்கம்தான். டிரஸ்டில் அறங்காவலர்கள் கையில்தான் எல்லாம் இருக்கும், ஊர் கேள்வி கேட்க முடியாது. ஊர்ப் பொதுவான வேலைக்குப் பொதுக்குழுவும் தேர்தலும் உள்ள அமைப்பே பொருந்தும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் வேண்டும், நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர், அவர்கள் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. சங்க விவரக்குறிப்பு, துணைவிதி (சங்கம் நடக்க வேண்டிய உள்விதிகள்), 7 பேரின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இவற்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெயரில் 'அரசு', 'தேசிய' போன்ற சொற்களை வைத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

துணைவிதியைக் கடையில் விற்கும் மாதிரியைப் பார்த்து அப்படியே எழுத வேண்டாம். முக்கியமாக 'யார் உறுப்பினர்' என்ற பத்தி. பஞ்சாயத்தில் வரி தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பத் தலைவரான ஆண்களை எண்ணி, வாங்குகிறோம். அந்த வழக்கத்தையே துணைவிதியிலும் எழுதிவிட்டால் கைம்பெண்களுக்கும், தலையில் கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கும் ஓட்டே இல்லாமல் போகும். நிவாரணப் பட்டியல் எடுக்கும்போது விட்டுப்போவதும் அதே வீடுகள்தான். '18 வயது நிரம்பிய, ஊரில் குடியிருக்கும் எவரும்' என்று எழுதுங்கள்.

பதிவு செய்வது ஒரு நாள் அலைச்சல். சங்கம் செத்துப்போவது அதற்கப்புறம். ஆண்டுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டால் புது நிர்வாகிகள் பெயர் பதிவேட்டில் ஏறாது. வங்கியில் பழைய பொருளாளர் கையெழுத்தே செல்லும், அவர் அதற்குள் துபாய் போயிருப்பார். கணக்கில் பணம் இருந்தும் புயலன்று எடுக்க முடியாது.

இதற்கு நம் ஊர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. மார்ச் 31ல் கணக்கு முடிகிறது, ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை விசைப்படகு ஆட்கள் கரையில்தான். ஏப்ரலில் தணிக்கை, மே மாதம் பொதுக்குழு, ஜூனில் தாக்கல் என்று துணைவிதியிலேயே மாதத்தைக் குறித்துவிடுங்கள். துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு. இதையும் தடைக்காலத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

பஞ்சாயத்தாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பஞ்சாயத்து சொன்னால்தான் படகு கரையேறும், ஊர் காலியாகும். அந்த அதிகாரம் உங்கள் சங்கத்துக்கு வராது, வரவும் வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்து பதிவு பெற்ற அமைப்பு இல்லை, அதன் பெயரில் பான் அட்டையும் ரசீதும் கிடையாது, அதற்காக மட்டும்தான் சங்கம் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லுங்கள். பஞ்சாயத்தார் இருவருக்கு நிர்வாகக் குழுவில் இடம் கொடுங்கள், காசோலைக் கையெழுத்தில் மட்டும் கலக்காதீர்கள்.

சுண்ணாம்பாறு

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பொருளாளரின் சொந்தக் கணக்குக்கோ அவர் செல்போன் க்யூஆருக்கோ ஒரு ரூபாயும் வேண்டாம். சங்கத்தின் பெயரில் பான், சங்கத்தின் பெயரில் கணக்கு, மூவரில் இருவர் கையெழுத்து. பதிவுச் சான்று, துணைவிதி, கணக்குத் தொடங்கும் தீர்மானம் மூன்றையும் வங்கி கேட்கும். 2023க்குப் பிறகு தர்பண் (நிதி ஆயோக்கின் தொண்டு நிறுவனப் பதிவுத் தளம்) பதிவையும் பல கிளைகள் கேட்கின்றன, முதலிலேயே போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை வேறு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும் அவர் சட்டப்படி வெளிநாட்டவர்.

புதுச்சேரிப் பக்கம் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் இங்கேயே, பக்கத்துத் தெருவில், குடியிருக்கிறார்கள். அவர் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவுக்குச் சங்கம் 3 ஆண்டு இயங்கி, அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். கிடைத்த பிறகும் அந்தப் பணம் டெல்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழும்.

உப்பனாற்றங்கரை

மிக்க நன்றி அண்ணா. பிரான்சில் இருப்பவர் பணமாக இல்லாமல் ஜெனரேட்டராகவே வாங்கிக் கொடுத்தால்? இல்லை, எஃப்சிஆர்ஏ உள்ள வேறொரு தொண்டு நிறுவனம் வழியாக எங்களுக்கு மாற்றிவிட்டால்?

சுண்ணாம்பாறு

இரண்டும் ஆகாது தம்பி. பொருளாகத் தந்தாலும் வெளிநாட்டு நன்கொடைக் கணக்குத்தான். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றுவது 2020 திருத்தத்தோடு நின்றுபோனது. அந்த நிறுவனமே நேரில் வந்து உங்கள் ஊரில் பயிற்சி நடத்தலாம், பொருளைத் தன் சொத்துப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு செலவு செய்யலாம். உறவினர் கணக்குக்கு அனுப்பி அவர் வழியாகச் சங்கத்துக்குத் திருப்புவதும் வேண்டவே வேண்டாம், மாட்டினால் நிர்வாகிகள் அத்தனை பேருக்கும் வழக்கு.

முதல் ஆண்டு இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை சொன்ன சட்டம் தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரியின் நல்லவாடு, பனித்திட்டு, நரம்பை ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் குழம்ப வேண்டாம். புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டுச் சட்டம், அங்கும் 7 பேர்தான். ஆண்டுப் பொதுக்குழு முடிந்து 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும்.

தில்லைமரம்

கொட்டகையைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலில் வாங்க வேண்டியது ஒலிபெருக்கி. 2004 சுனாமியன்று நல்லவாட்டில் ஊர் தப்பியது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பாலும், அங்கிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியாலும்தான். ஆனால் புயலுக்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், 230 வோல்ட்டில் மட்டும் ஓடும் ஆம்ப்ளிஃபயர் அந்நேரத்தில் சும்மா கிடக்கும். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

மரம் அறுக்கும் மெஷினின் அருமை 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறார்கள், தேவைப்படும் அன்று கிளம்புவதில்லை. காரணம் தொட்டியில் விட்ட பழைய பெட்ரோல். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் கார்புரேட்டரில் பிசின் கட்டும். பெரும்பாலான மெஷினுக்கு 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்), கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். சங்கிலிக்கு ஊற்றும் ஆயில் தனி, அது தீர்ந்த பிறகும் அறுத்தால் சங்கிலி ஓடும் பட்டையே போய்விடும். ஜெனரேட்டரை மாதம் ஒரு முறை விளக்கு, மோட்டார் மாட்டி 20 நிமிடம் ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் கரண்ட் வருகிறதா என்று தெரியாது. கொட்டகைக்குள் வைத்து ஓட்டக் கூடாது, புகையில் ஆள் இறந்துவிடும்.

பிளீச்சிங் பவுடரை மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். கடற்காற்று ஈரத்தில் மூட்டை பிரித்த சில வாரத்திலேயே வீரியம் குறையும். நல்ல பவுடரானால் 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் சோதனைக் கருவியில் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பவுடர் செத்துவிட்டது அல்லது தண்ணீர் கலங்கல். கலங்கலானால் தெளியவைத்துத்தான் மறுபடி போட வேண்டும்.

சாவி இரண்டு. ஒன்று கடலுக்குப் போகாத ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.