போடி வரை வந்துவிட்ட தண்டவாளத்தில் ஏலக்காய் மூட்டை ஏறுமா?

வண்டன்மேடு விவசாயி:

கேரளத்து இடுக்கி மலையில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். பூர்வீகம் மலையடிவாரத்தில் தேனி மாவட்டத்துப் போடி. அப்பா காலத்தில் மலையேறிய குடும்பம்.

போன ஆடியில் ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடம்) உலர்த்தி, சலித்து, எட்டு மில்லிமீட்டர் காயாகப் பொறுக்கிப் பதினோரு மூட்டை சென்னை வியாபாரி ஒருவருக்கு அனுப்பினேன். ஜீப்பில் போடிமெட்டு வளைவுகள் பதினேழையும் கடந்து போடிக்குப் பத்திரமாக வந்தது. லாரி பார்சலில் ஏற்றிய பிறகுதான் கெட்டது. வழியில் வண்டி மாற்றுவதற்காக இறக்கிய இடத்தில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. தார்ப்பாயில் கிழிசல். சென்னையில் பிரித்தபோது நான்கு மூட்டையில் பச்சை போய், காய் வைக்கோல் நிறத்தில் இருந்ததாம். ஒரு பிடி காயைப் படம் எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஏலக்காய்க்கு நிறம்தான் விலை. ஈரம் பட்டாலும் போச்சு, வெயில் பட்டாலும் போச்சு.

மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். பன்னிரண்டு வருடம் புல் முளைத்துக் கிடந்த ஸ்டேஷனை நாங்கள் பார்த்தோம். அகலப்பாதை 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் வந்தது. வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கே வண்டி போகிறது. ஆனால் நான் போகும் நேரத்திலெல்லாம் ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், அவ்வளவுதான். ஒரு மூட்டை ஏறிப் பார்த்ததில்லை. இந்தப் பாதைக்குச் சரக்கு ரயில் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடி, சுப்புராஜ் நகர்:

அண்ணா, மனுவில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: இந்தத் தண்டவாளத்தைப் போட்டதே மலைச் சரக்குக்காக.

மூணாறில் 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அதை இரண்டடி அகல ரயிலாக மாற்றினார்கள். மூணாறிலிருந்து மலை விளிம்பில் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற ஊர் வரை தேயிலைப் பெட்டி ரயிலில் வரும். அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி வரை மாட்டு வண்டி. 1924 ஆடி மாத வெள்ளம் அந்த ரயிலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். மூணாறு ரயில் அதன்பின் எழவே இல்லை. இன்று இடுக்கி மாவட்டத்தில் ஓடும் ரயில் ஒன்றுகூடக் கிடையாது.

நம் போடிக்கு ரயில் வந்தது 1928-ல். உலகப்போர் சமயத்தில் இரும்புக்காக அதையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010-க்குப் பிறகு மறுபடி பிடுங்கி, மறுபடி போட்டிருக்கிறார்கள். என் தாத்தா அந்த ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். அவர் இறந்து பல வருடமாகியும் அந்தத் தலைச்சும்மாட்டுத் துணியில் ஏலக்காய் வாசனை போகவில்லை. பாட்டி அதைத் துவைக்க விடமாட்டார். அந்த ஸ்டேஷனுக்கு மூட்டை திரும்ப வரவேண்டும் என்று நான் ஆசைப்படுவதில் என்ன தப்பு?

ஓய்வுபெற்ற பார்சல் எழுத்தர், மதுரை:

ஐயா, உங்கள் மனுவில் "சரக்கு ரயில்" என்று எழுதாதீர்கள். எழுதினால் அது அலமாரியில் தூங்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

ரயில்வேயில் சரக்கு வண்டி என்றால் முழு ரேக், அதாவது ஒரே வண்டியாகக் கோத்த பெட்டி வரிசை. மூடிய பெட்டி நாற்பதுக்கு மேல். ஏறக்குறைய 2,500 டன். நாடு முழுவதும் ஓராண்டில் விளையும் ஏலக்காயே 25,000 டன்னை ஒட்டித்தான் வரும். எடைக் கணக்கில் பத்து ரேக். ஒரு வருடத்துக்குப் பத்து வண்டி, அதுவும் இந்தியாவின் மொத்த விளைச்சலையும் போடியில் கொண்டுவந்து கொட்டினால்! இருபது பெட்டி மினி ரேக் இருக்கிறது. அதுவும் ஏலக்காய்க்குப் பெரிய சட்டைதான்.

முழு ரேக் கேட்பதாக இருந்தால், இங்கிருந்து போகும் சரக்கை விட்டுவிட்டு இங்கே வரும் சரக்கைச் சொல்லிக் கேளுங்கள். உரம், சிமெண்ட், அரிசி. உங்கள் தோட்டத்துக்கு வரும் உர மூட்டை எந்த ஸ்டேஷனில் இறங்குகிறது என்று விசாரித்துப் பாருங்கள். மதுரை கூடல்நகரில் இறங்கி, லாரியில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் எல்லாம் தாண்டி வருவதாக இருந்தால், அந்த லாரி வாடகைதான் மனுவில் உங்கள் வாதம். தேனியிலோ போடியிலோ லாரி வந்து நிற்க இடமும் இறக்குமேடையும் வேண்டும். 2021 டிசம்பரில் வந்த கதி சக்தி சரக்கு முனையத் திட்டத்தில் தனியாரும் இதைக் கட்டலாம். ஆனால் மாதம் இத்தனை டன் வரும் என்று வியாபாரிகள் எழுத்தில் கொடுத்தால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

உங்கள் பதினோரு மூட்டைக்கு வழி வேறு. எக்ஸ்பிரஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் பார்சல் அறை உண்டு. ஓர் அறை 4 டன். ஐம்பது கிலோ மூட்டை எண்பது. பல வண்டிகளில் இதை டெண்டர் விட்டுக் குத்தகைக்கும் கொடுக்கிறார்கள். போடிக்கு இதில் ஒரு பெரிய வசதி, வண்டி அங்கேயே புறப்படுகிறது. நடு ஸ்டேஷன்களில் இரண்டு நிமிடத்தில் எதை ஏற்ற முடியும்? நான் ஓடியிருக்கிறேன், தள்ளுவண்டியோடு. புறப்படும் ஸ்டேஷனில் நிதானமாக அடுக்கலாம், பூட்டலாம். சென்னையில்தான் மறுபடி திறப்பார்கள். இடையில் இறக்கி ஏற்றும் வேலை இல்லை. உங்கள் காய் கெட்டது அந்த இடத்தில்தானே?

செங்கோட்டை:

பார்சல் எழுத்தர் அண்ணாச்சி சொல்வது சரி. எங்கள் புனலூர் பாதையும் 2010-ல் மூடி 2018-ல்தான் திறந்தது. 1904-ல் போட்ட மலைப்பாதை. இன்றும் முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின் கட்டித்தான் வண்டி மலையைத் தாண்டுகிறது. அந்த ஏற்றத்தில் பாரம் கேட்பது எளிதில்லை. உங்கள் பாதை மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. குமுளி வரை நீட்டச் சொல்வது வேறு போராட்டம். இதோடு சேர்த்துக் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

வண்டன்மேடு விவசாயி:

ஐயா, கூட்டிப் பார்த்தேன். எங்கள் வரிசையில் மட்டும் சிறு தோட்டக்காரர்கள் பதினான்கு பேர். பறிப்புக் காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை எண்பது மூட்டை சேர்ந்துவிடும். காயை ஏலம் விடும் மையத்தில் விற்பவர்கள் அங்கேயே விற்கட்டும். நேரடியாக அனுப்புகிறவர்கள் சேருவோம். சரக்கு ரயில் என்ற சொல்லை அடித்துவிட்டேன். இரண்டு மனுவாக எழுதுகிறேன்: பார்சல் அறைக்கு ஒன்று, உர இறக்குமேடைக்கு ஒன்று. உரக் கடைக்காரர்களிடம் நாளை கம்பம் ஊரில் பேசுகிறேன். முதலில் என் புதுக் காயில் நான்கு மூட்டையைப் போடியில் பதிந்து பார்க்கப் போகிறேன். எப்படிக் கட்ட வேண்டும்?

ஓய்வுபெற்ற பார்சல் எழுத்தர், மதுரை:

உள்ளே பாலிதீன், வெளியே இரட்டைச் சாக்கு. வாயை நெருக்கித் தையுங்கள். பெயரும் சேரும் ஊரும் ஒவ்வொரு மூட்டையிலும் இரண்டு பக்கம், அழியாத மையில். ரசீதில் எடையையும் மூட்டை எண்ணிக்கையையும் நீங்களே படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள். வண்டி புறப்படும் நேரத்துக்குப் போகாதீர்கள், மதியமே போய்விடுங்கள்.