கதி மாறவில்லை, பிறகெப்படி ஆர்முடுகல்?

கொக்குவில் மாணவி:
உயர்தரம் முதலாம் வருடம். ஒரே கதியில் வட்டத்தில் ஓடும் பொருளுக்கும் ஆர்முடுகல் உண்டு என்று வகுப்பில் எழுதித் தந்தார்கள். மணிக்கூட்டு முள் ஒரே கதியில்தானே சுற்றுகிறது? ஆர்முடுகல் என்றால் வேகம் கூடுவது என்றுதான் தரம் 10 இலிருந்து மனதில் இருக்கிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது. யாராவது விளங்கப்படுத்துங்கள்.

ரியூசன் அண்ணா:
தங்கச்சி, வீட்டுப் பேச்சில் கதியும் வேகமும் ஒன்றுதான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கதி எண்ணிக் கணியம், அளவு மட்டும்: சைக்கிள் செக்கனுக்கு 5 மீற்றர், அவ்வளவுதான். வேகம் காவிக் கணியம், அளவோடு திசையும்: செக்கனுக்கு 5 மீற்றர், வடக்கு நோக்கி. திசை மாறினாலே வேகம் மாறிவிட்டது. ஆர்முடுகல் என்பது வேகம் மாறும் வீதம்.

பலாலி வீதியால் வந்து பரமேஸ்வராச் சந்தியில் கம்பஸ் (யாழ். பல்கலைக்கழகம்) பக்கம் இடப்புறம் திரும்புகிறீர்கள். கதி 5 தான், குறையவில்லை. முதலில் வடக்கு, பிறகு மேற்கு என்று வைத்துக்கொள்வோம். வேக மாற்றம் என்பது இறுதி வேகத்திலிருந்து தொடக்க வேகத்தைக் கழிப்பது. ஐந்தில் ஐந்து போனால் பூச்சியம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்! இரண்டு வேகங்களையும் அம்புகளாகக் கீறி, வடக்கு அம்பைத் தெற்கே திருப்பி, மேற்கு அம்போடு கூட்டுங்கள். 5√2, அதாவது ஏறத்தாழ 7.1, தென்மேற்கே. திரும்ப 2 செக்கன் எடுத்தால் சராசரி ஆர்முடுகல் ஏறத்தாழ 3.5 மீ/செ². தென்மேற்கு என்பது வளைவின் உட்பக்கம். சைக்கிளையும் அந்தப் பக்கம்தானே சரிக்கிறோம்? ரோட்டில் மணல் கிடந்தால் உள்ளே தள்ள உராய்வு போதாது, சக்கரம் வெளியே வழுக்கிவிடும். ஒருநாள் அப்படி விழுந்து முழங்கால் உரசிய பிறகுதான் அந்த அம்பு எனக்கு உண்மையான அம்பாகத் தெரிந்தது.

கொக்குவில் மாணவி:
கீறிப் பார்த்தேன் அண்ணா, 7.1 வந்தது! அப்ப மாங்காய்க்கு நேர் மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே ஆர்முடுகல் பூச்சியமா?

சாவகச்சேரி வாசகர்:
இல்லை பிள்ளை. உச்சியில் வேகம் மட்டும்தான் பூச்சியம். ஆர்முடுகலும் பூச்சியமானால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும். ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அது கீழ்நோக்கி 9.8 மீ/செ² தான். மேல்நோக்கி நேர் என்று எடுத்தால் −9.8. மறைக் குறியைக் கண்டதும் அமர்முடுகல் (கதி குறைவது) என்று பலர் பிழையாக எழுதுகிறார்கள். இறங்கும்போதும் அதே −9.8 தான், ஆனால் கதி கூடுகிறது.

ரியூசன் அண்ணா:
சரி, இனி உங்கள் மணிக்கூட்டுக்கு வருவோம். நிமிட முள்ளின் நுனிக்கு 12 இலும் 3 இலும் வேக அம்பு கீறிக் கழித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வருகிறது?

கொக்குவில் மாணவி:
12 இல் வலப்பக்கம், 3 இல் கீழே. கழித்தால் கீழும் இடமுமாகச் சரிந்து நிற்கிறது. மையத்தைப் பார்த்தபடி!