மூத்தோர் குடியிருப்புக்குப் போனவர்கள், போகாதவர்கள், போய்த் திரும்பி வந்தவர்கள்: கொஞ்சம் சொல்லுங்களேன்

கறிவேப்பிலை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 66, அவருக்கு 70. சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டில் ஐந்தறை வீடு, வந்து 31 வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகிப் போனபின் மூன்று படுக்கையறையில் ஒன்றில்தான் விளக்கு எரிகிறது. மற்ற இரண்டையும் வாரத்துக்கு ஒருநாள் திறந்து, தூசி தட்டி, மறுபடி மூடுகிறேன்.

சமூகப் பராமரிப்பு வீடு எடுங்கள் என்கிறாள் மகள். 2021இல் புக்கிட் பாத்தோக்கில் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததே, அந்த வகை. 65 வயது ஆனவர்களுக்கு. 32 சதுர மீட்டர். 24 மணி நேர அவசர உதவி, மாடிக்கு மாடி கூடி உட்கார இடம், நிகழ்ச்சி ஏற்பாடு செய்ய ஓர் ஆள். அடிப்படைச் சேவைத் தொகுப்பை வேண்டாம் என்று சொல்ல முடியாது, வீட்டோடு சேர்த்தே எடுத்தாகவேண்டும். இவர் என்னடாவென்றால் கோயம்புத்தூர் என்கிறார். நண்பர் ஒருவர் அங்கே ஒரு குடியிருப்பின் படங்களை அனுப்பிவைத்துவிட்டார். தென்னை மரம், நடைபாதை, மூன்று வேளையும் சமைத்த சாப்பாடு.

எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் நரைத்த தலைகள் சிரித்துக்கொண்டே யோகா செய்கின்றன. நான் யோகா செய்கிற ஆளா என்பதே எனக்கு இன்னும் தெரியவில்லை. விலை, குத்தகை எல்லாம் நான் விசாரித்துக்கொள்வேன். அன்றாடம் எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

மார்சிலிங் பாட்டி:

தங்கச்சி, நான் இருப்பது கம்போங் அட்மிரல்ட்டியில். மொத்தம் 104 சின்ன வீடுகள், அதில் ஒன்று என்னுடையது. என் வீட்டுக்காரர் இறந்தபின் மார்சிலிங் நாலறை வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். லிஃப்டில் இறங்கினால் உணவங்காடி, அதே கட்டடத்தில் மருத்துவ நிலையம், மேலே தோட்டம், வாசலிலேயே எம்ஆர்டி ரயில். 2018இல் உலகத்தின் சிறந்த கட்டடம் என்று பரிசு கொடுத்தார்கள். அதற்கப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வர ஆரம்பித்தார்கள். நான் கீரை வாங்கிக்கொண்டு வருவதைக்கூட ஒருத்தர் படமெடுத்தார்.

முதல் மூன்று மாதம் அழுதேன். வசதிக் குறைவால் இல்லை. கிரைண்டரை வைக்க இடமில்லை. இருபது வருஷம் மாவாட்டிய கிரைண்டர். தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன், அவன் வீட்டில் அது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறதாம். கடை மாவில் இட்லி சுட்ட முதல் நாள், யாரோ வீட்டுக்கு விருந்தாளியாகப் போனது மாதிரி இருந்தது.

ஒரு கூத்து சொல்கிறேன். குளியலறையில் அவசரத்துக்கு இழுக்க ஒரு கயிறு தொங்கும். வந்த புதிதில் அதைத் துண்டு போட ஏதோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து ஈரத்துண்டை மாட்டிவிட்டேன். அலாரம் அலறுகிறது. எனக்கோ அது எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து கதவைத் தட்ட, நான் தலையில் ஷாம்பு நுரையோடு நைட்டியை மாட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அன்று ராத்திரிதான் இந்த வீட்டில் முதன்முதலாக நன்றாகத் தூங்கினேன். இழுத்தால் ஆள் வருகிறது, பார்த்தாயிற்று.

நீ கேட்ட அன்றாடத்துக்கு வருகிறேன். காலை நேரம் யாருக்கும் பிரச்சினை இல்லை. உடற்பயிற்சி, சந்தை, சமையல், குளியல் என்று ஓடிவிடும். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் கஷ்டம். தூங்கி எழுந்தபிறகு போக இடமில்லாத நேரம் அது. எனக்கு இங்கே பாலர் பராமரிப்பு நிலையம் கைகொடுத்தது. சாயங்காலம் அப்பா அம்மா வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நேரத்தில் கீழே உட்கார்ந்துகொள்வேன். இப்போது நாலைந்து வாண்டுகளுக்கு நான் பாட்டி. வயசானவர்கள் மட்டுமே இருக்கிற இடமாக இருந்திருந்தால் நான் தாக்குப்பிடித்திருப்பேனா, தெரியாது.

பழைய கிரேன்:

கோயம்புத்தூர் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் மனைவியும் போய் 14 மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். இடத்தின் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று நல்ல காற்று. சாப்பாடு நம் சாப்பாடு, காலையில் பொங்கல் வாசனையில்தான் முழிப்பே வரும். விமானத்தில் நாலு, நாலரை மணி நேரம். மனைவிக்கு அங்கே பஜனைக் குழு அமைந்துவிட்டது, திரும்ப அவளுக்கு மனசே இல்லை.

நான்தான் ஒட்டவில்லை. முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன் நான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "சார் எதில் ரிட்டயர் ஆனீங்க?" ஒருத்தர் வங்கி மேலாளர், ஒருத்தர் தலைமைப் பொறியாளர், ஒருத்தர் பேராசிரியர். நான் கிரேன் என்றதும், "ஓ, துறைமுக நிர்வாகமா?" என்று எனக்கே பதவி உயர்வு கொடுத்தார் ஒருத்தர். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் எல்லாரும் அதே பதவியில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே காப்பிக்கடையில் என் மேசையில் ஒரு டாக்சி அங்கிள், ஒரு வாத்தியார், ஒரு பிளம்பர். யாரும் யாரையும் கேட்டதில்லை.

இன்னொன்று, மருத்துவம். அங்கே நல்ல மருத்துவமனைகள் உண்டு. ஆனால் நம் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்பீடு அங்கே செல்லாது. எனக்குக் கண்புரை அறுவைக்கு முழுதும் கைக்காசு. அது சின்ன விஷயம், இதயம் என்றால் என்ன செய்வது என்று மனைவியே யோசிக்க ஆரம்பித்தாள். மாதப் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றினார்கள். ஏன் என்று கேட்டதற்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அந்தப் பலகையில் வேறு தாளும் வரும். கறுப்புக் கட்டம் போட்ட தாள். சில வாரம் இரண்டு. காலை நடைக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

அக்கா, வாங்காதீர்கள். முதலில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். நாங்கள் இங்கே வீட்டை விற்காமல் போனதால் தப்பித்தோம்.

அங் மோ கியோ 70:

எதற்குப் போகவேண்டும்? நாங்கள் நகரவே இல்லை. வீட்டுக் குத்தகையின் வால்பகுதியை, அதாவது கடைசி வருஷங்களை, வீவகவுக்கே (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விற்றுவிட்டு அதே வீட்டில் இருக்கிறோம். பணம் மசேநி (மத்திய சேமநிதி) ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய் மாதாமாதம் வருகிறது. 65 ஆகியிருக்கவேண்டும். 2019இலிருந்து ஐந்தறை வீட்டுக்கும் உண்டு, விசாரியுங்கள். குளியலறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் மானியத்தில் போட்டாயிற்று. புளோக்கின் கீழேயே துடிப்பாக மூப்படையும் நிலையம் இருக்கிறது. "ஓய்வுக்கால" என்ற சொல்லைப் பார்த்து மயங்கவேண்டாம். ஜாலான் ஜூரோங் கெச்சிலில் 2014இல் அப்படி விளம்பரம் செய்த தனியார் அடுக்குமாடிக் கொண்டோவின் 281 வீடும் ஒரே நாளில் விற்றது. வாங்க வயது நிபந்தனையே கிடையாது, குத்தகை 60 வருஷம்.

வேலைக்குப் போகும் மகள்:

என் அம்மாவைப் பற்றி. அவருக்கு 74, தமிழும் கொஞ்சம் பாசார் மலாயும்தான் (சந்தையில் பேசுகிற மலாய்) தெரியும். மூத்தோருக்கான ஈரறை வீட்டுக்கு மாறினோம், என் வீட்டிலிருந்து பேருந்தில் நாலு நிறுத்தம். கீழே நிலையத்தில் நிகழ்ச்சி நிறைய உண்டு, ஆனால் பாட்டு மாண்டரினில், பேச்சு ஹொக்கியன் என்ற சீன மொழியில். பத்து நாள் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தார். "சினிமா பார்க்கிற மாதிரி இருக்கு, எழுத்துதான் ஓடலை" என்றார்.

திருப்பம் ரம்மி-ஓவில் வந்தது. எண் போட்ட கட்டைகளை வைத்து ஆடுவார்களே, அது. ஆள் குறைந்த ஒரு நாள் ஒரு சீனப் பாட்டி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்கிறார். எண்ணுக்கு மொழி எதற்கு? அம்மா சின்ன வயதில் சீட்டில் கில்லாடி. இப்போது மத்தியானம் நான் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன், கட்டை கையில் இருக்கு" என்று வைத்துவிடுகிறார். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். அந்தப் பாட்டி அன்று இழுத்திருக்காவிட்டால் அம்மாவைத் திரும்ப என் வீட்டுக்கே கூட்டிவந்திருப்பேன்.

கறிவேப்பிலை அக்கா:

எல்லாருக்கும் நன்றி. பாட்டி சொன்னதைக் கேட்டு, திறப்பு நாள், கண்காட்சி எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குப் புக்கிட் பாத்தோக் போனோம். பொது இடத்தில் மூன்று பேர். ஒருவர் தூங்குகிறார், ஒருவர் கைத்தொலைபேசியில், ஒரு மலாய் மக்சிக் (நம் அத்தை மாதிரி) என்னைப் பார்த்து "சுடா மாக்கான்?", சாப்பிட்டாச்சா என்றார். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். யோகாவுக்கு அவரும் போவதில்லையாம். எனக்கு நிம்மதி.

இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். செடிக்காகத்தான். பேருந்தில் வரும்போது நான் கணக்குப் போட்டேன். இந்த வீட்டுக் குத்தகை இருவருக்கும் 95 வயது வரையாவது வரவேண்டும், இளையவள் நான், 29 வருஷம் வேண்டும், ஐந்தைந்து வருஷமாகத்தான் கொடுப்பார்கள், ஆக 30 வருஷம். வெளிச்சந்தையில் விற்க முடியாது, வேண்டாமென்றால் வீவகவிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். எடுத்தால் ஜூரோங் வெஸ்ட் வீட்டையும் விற்றாகவேண்டும். திரும்பிப் போக வீடு இருக்காது.

அதனால் கிரேன் அண்ணன் சொன்னபடி டிசம்பரிலிருந்து மூன்று மாதம் கோயம்புத்தூரில் வாடகைக்கு. யார் கேட்டாலும் நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்றவள் என்றே சொல்லப்போகிறேன், பார்க்கலாம் எத்தனை பேர் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று. வந்தபின் புக்கிட் பாத்தோக்கா, அங் மோ கியோக்காரர் வழியா என்று முடிவு.

ஓர் உதவி. தாழ்வாரத்தில் 19 தொட்டி இருக்கிறது. எங்கே போனாலும் எல்லாமும் எங்களோடு வராது. கறிவேப்பிலை இரண்டு, கற்பூரவள்ளி, துளசி, ஒரு வெற்றிலைக் கொடி இப்போதே கொடுக்கத் தயார். ஜூரோங் பக்கம் இருப்பவர்கள் பை கொண்டு வாருங்கள். பெரிய கறிவேப்பிலையை மட்டும் கேட்காதீர்கள், அதை இவர் இன்னும் விடவில்லை.