மீட்பு வேகத்தணிப்பு: ஒரு பரிந்துரை

வணக்கம்.

மின்வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போது அதன் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்குத் திருப்பும் முறைதான் ‘ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்’. அதற்குத் தமிழில் ‘மறு உற்பத்தித் தடை’ என்ற சொல் இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆற்றலை யாராலும் உற்பத்தி செய்ய முடியாது என்று படித்த மாணவர், அடுத்த பாடத்திலேயே ‘மறு உற்பத்தி’யைப் பார்த்தால் குழம்பித்தான் போவார்.

1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் இருபடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் 2,00,000 ஜூல். வேகம் பாதியானால் மிஞ்சுவது 50,000 ஜூல்தான். எந்த வகை பிரேக்காக இருந்தாலும் வண்டியின் மீது செய்யப்படும் வேலை எதிர்க்குறியில் 1,50,000 ஜூல். அதில் மாற்றமே இல்லை. அந்த ஆற்றல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு. சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும்.

சாதாரண பிரேக்கில் அது பிரேக் தட்டைச் சூடாக்குகிறது. மின்வண்டியில் மோட்டாரே மின்னாக்கியாக (ஜெனரேட்டராக) மாறிச் சக்கரத்தின் சுழற்சியை எதிர்க்கிறது. கிடைக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறது. வழியில் கொஞ்சம் வெப்பமாக வீணாகும், முழுசாகத் திரும்பாது. பேட்டரி நிரம்பியிருந்தால் ஏற்றிக்கொள்ளவும் இடமிருக்காது. ஆனாலும் நடப்பது மீட்புதான்.

அப்புறம் ‘தடை’. டீசல்-மின்சார ரயில் எஞ்சின்களில் பிரேக் போடும்போது மோட்டார் தரும் மின்சாரத்தை மின்தடையங்களில் (ரெசிஸ்டர்களில்) செலுத்தி வெப்பமாக வெளியேற்றும் முறையும் உண்டு. அங்கே எதுவும் மீட்கப்படுவதில்லை. மின்தடை உண்மையாகவே வேலை செய்யும் இடம் அதுதான்; மீட்பு முறைக்கும் ‘தடை’ என்று வைத்தால் இரண்டும் கலந்துவிடும்.

‘தடை’க்குப் பதில் ‘நிறுத்தம்’ என்று வைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேகம் குறையக் குறைய மீட்பு குறைந்துகொண்டே வரும். கடைசியில் வண்டியை நிறுத்திப் பிடிப்பது பெரும்பாலும் உராய்வு பிரேக்தான். அதனால் ‘வேகத்தணிப்பு’ போதும்.

ஆக என் பரிந்துரை: உராய்வு வேகத்தணிப்பு, மின்தடைய வேகத்தணிப்பு, மீட்பு வேகத்தணிப்பு. மூன்றையும் ஒரே குடும்பமாக வைத்தால், பெயரைப் படித்தவுடனே ஆற்றல் போகும் வழி தெரிந்துவிடும். காலில் மிதிக்கும் உறுப்பு பிரேக் என்றே இருக்கட்டும். அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

அலைவுப் பாடத்தில் ‘டேம்பிங்’ என்பதற்கும் ‘தணிப்பு’ என்றே வருவதால் இடிக்கும் என்று நினைப்பவர்கள் ‘வேகக்குறைப்பு’ என்று வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். ‘மீட்பு’ மட்டும் மாறாமல் இருந்தால் எனக்குச் சரி.