கடைசிப் பாட்டில் மட்டும் குரல் கரகரக்கிறது: ஊசியா, அலைன்மென்ட்டா?

டேம் இம்பாலா இசைக்குழுவின் ‘கரன்ட்ஸ்’ ஆல்பம் (2015), இரண்டு தட்டு வினைல், 33⅓ ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று). மூன்று வாரமாக ஒரே தொல்லை. நான்காம் பக்கத்தின் கடைசிப் பாட்டான ‘நியூ பர்சன், சேம் ஓல்ட் மிஸ்டேக்ஸ்’ வரும்போது பாடகர் கெவின் பார்க்கரின் குரலில் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் கிழிகிறது. வலது சேனலில் கூடுதல். அதே பக்கத்தின் முதல் பாட்டு சுத்தம்.

இதே ஆல்பத்தின் ‘லெட் இட் ஹேப்பன்’ நடுவில் தட்டு சிக்கியதுபோல் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருமே, அது பாட்டிலேயே உள்ளது. அதைச் சொல்லவில்லை!

பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), கோனிகல் (கூம்பு வடிவ, உருண்டை முனை) ஊசி, ஏறக்குறைய 300 மணி நேரம் ஓடியது.

செய்து பார்த்தவை: தட்டை ஈரமாகக் கழுவினேன், ஊசியையும் துடைத்தேன். ஊசி தட்டை அழுத்தும் எடையை டிஜிட்டல் தராசில் 1.8இலிருந்து 2.0 கிராமுக்கு ஏற்றியதில் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஆன்டி-ஸ்கேட்டை (ஊசிக்கை உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் அமைப்பை) 1.5, 2 என மாற்றியும் பயனில்லை. அலைன்மென்ட் (ஊசி வரிக்கு நேராக நிற்கும்படி கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் கோணம்) இப்போது பேர்வால்ட் என்ற முறையில், தட்டின் மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ. புள்ளிகளில் சரியாக நிற்கிறது. வேறு தட்டுகளிலும் மையத்தை ஒட்டிய உள்வரிகளில் இதே கரகரப்பு லேசாக உண்டு, அதனால் தட்டின் மேல் சந்தேகமில்லை. விளிம்பில் நொடிக்கு 51 செ.மீ. ஓடும் வரி உள்ளே 21 செ.மீ.க்கு இறங்கிவிடுகிறது, அலைகள் நெருக்கமாகிவிடுவதால் கோனிகல் முனை திணறுவது புரிகிறது.

இதே கார்ட்ரிட்ஜில் எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி மாற்றினால் போதுமா, உள்வரிகளுக்குச் சாதகமான ஸ்டீவன்சன் அலைன்மென்ட்டுக்கும் மாறியே ஆக வேண்டுமா?