காண்ட்ராக்டர் ரிஜிஸ்ட்ரேஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சு, எதனால இருக்கும்?

புதுசா கம்பெனி ஆரம்பிச்சு பதிவுக்கு அப்ளை பண்ணேன், பேப்பர் எல்லாம் கரெக்டா தான் குடுத்தேன், இப்ப "தகுதி இல்லை"ன்னு ஒத்த வரில லெட்டர் வருது. என் மேல ஒரு கேஸ் கூட இல்லீங்க.

பதில் 1:
பார்ட்னர் இருக்காங்களா? உங்கள மட்டும் பாக்க மாட்டாங்க, பார்ட்னர், டைரக்டர் எல்லாரோட பழைய கதையும் தோண்டுவாங்க. பிளாக்லிஸ்ட் ஆன ஆளே புது பேர்ல வர்றது சகஜம், அதான் முதல்ல அதைத்தான் செக் பண்ணுவாங்க.

கேட்டவர்:
மச்சான் தான் பார்ட்னர். அவர் முன்னாடி இருந்த கம்பெனி பதிவு கேன்சல் ஆச்சாம், நேத்து தான் வாயத் தொறக்கறார். ஃபார்ம்ல "பார்ட்னர் யாரோட பழைய கம்பெனி பதிவாவது கேன்சல் ஆயிருக்கா"ங்கற கேள்விக்கு "இல்லை"ன்னு டிக் அடிச்சிட்டேன் 😞

பதில் 1:
அங்கதான் கோட்டை விட்டீங்க. கேன்சல் ஆனது கூட விளக்கிக்கலாம், தப்பான தகவல் குடுத்தது தனிக் காரணமாவே நிக்கும்.

பதில் 2:
வரி பாக்கி, இன்சூரன்ஸ் காலாவதி, சப்-காண்ட்ராக்ட்ல பண்ண வேலைய மொத்தமும் நம்ம பேர்ல காட்டறது, இதுக்கும் மறுப்பாங்க. எனக்கு பேங்க் சர்ட்டிஃபிகேட் தேதி தாண்டிருச்சுன்னே திருப்பி அனுப்பினாங்க. முதல்ல காரணத்த எழுத்துல கேளுங்க, அப்பீல் டைம விட்றாதீங்க, மச்சான் சமாச்சாரத்த நீங்களே சொல்லிடுங்க.